காசி, சாரநாத், குசிநகர்: ஐந்து நாள் பௌத்தப் பயணம் பற்றிய மதிப்புரை

சென்ற மாசி மாதத்தில், சென்னையிலிருந்து காசி, சாரநாத், குசிநகர் ஆகிய மூன்று ஊர்களுக்கும் அழைத்துச் சென்று ஐந்தாம் நாள் இரவு திரும்பக் கொண்டுவந்து விடும் ஒரு குழுப் பயணத்தில் நானும் சேர்ந்துகொண்டேன். விமானக் கட்டணம், தங்கும் அறை, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 34,500 ரூபாய். குழுவில் 22 பேர். பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். இதே ஊர்களுக்கு இதைவிடக் குறைந்த விலையில் அழைத்துச் செல்பவர்கள் பலர் இருக்க, இவர்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் விளம்பரத்தில் இருந்த ஒரு வரி. அனாத்மம் (எதுவும் ஆன்மா அல்ல என்பது), நிர்வாணம் (பற்று அணைந்த விடுதலை) என்னும் இரண்டு பௌத்தக் கருத்துகளையும் அவை பேசப்பட்ட இடங்களிலேயே, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலி அறிந்த ஓர் ஆசிரியரைக் கொண்டு, தமிழில் விளக்குவோம் என்று அந்த வரி சொல்லியது. அதற்காகவே பணம் கட்டினேன் என்பதால், இந்த மதிப்புரையும் அந்த வாக்கு எவ்வளவு தூரம் காப்பாற்றப்பட்டது என்பதையே முதன்மையாகப் பார்க்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காசி விடுதி சுத்தமாக இருந்தது. குசிநகர் விடுதியில் வெந்நீர் காலை ஆறு மணிக்குப் பிறகுதான் வந்தது. சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தயிர்சாதம் இல்லாமல் ஒரு வேளையும் போகவில்லை. காசியிலிருந்து குசிநகருக்கு ஆறு மணி நேரம் என்றார்கள், எட்டரை மணி நேரம் ஆயிற்று. பயண மேலாளர் பொறுமைசாலி.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாக 24 பக்கக் கையேடு ஒன்றை அனுப்பியிருந்தார்கள். அச்சும் தாளும் நன்றாகவே இருந்தன; உள்ளே இருந்ததுதான் கவலை தந்தது. ஆறாம் பக்கத்தில், அனாத்மத்தின் பாலி வடிவமான 'அனத்தா' என்பதற்கு 'ஆன்மா இல்லை என்ற கொள்கை' என்று பொருள் எழுதியிருந்தார்கள். பதினேழாம் பக்கத்தில் நிர்வாணம் என்பது 'ஆன்மா பிறவித் தளையிலிருந்து விடுபட்டுப் பரம்பொருளோடு கலத்தல்' என்று இருந்தது. ஆறாம் பக்கத்தில் இல்லாமற்போன ஆன்மா பதினேழாம் பக்கத்தில் எங்கிருந்து வந்து எதனோடு கலந்தது என்று எழுதியவர் யோசிக்கவில்லை போலும். ஆனால் இது அந்த ஒருவரின் கவனக்குறைவு மட்டும் அன்று. சைவமோ வைணவமோ வீட்டில் கேட்டு வளர்ந்த நாம் எல்லோருமே, முத்தி என்றதும் அதை அடைய ஓர் உயிர் இருந்தாக வேண்டும் என்றுதான் எண்ணிக்கொள்கிறோம். போதாததற்கு, நிர்வாணம் என்ற சொல்லுக்கு அன்றாடத் தமிழில் ஆடையின்மை என்ற பொருள் வேறு நிலைத்துவிட்டது. ஆசிரியர் முதல் நாள் இரவே கையேட்டை எடுத்துவரச் சொல்லி, இரண்டு வரிகளையும் பேனாவால் அடிக்கச் செய்தார். தாம் பணிபுரியும் நிறுவனம் அச்சிட்டதை அந்நிறுவனத்தின் மேலாளர் எதிரிலேயே அடிக்கச் சொன்ன அந்த நேர்மைக்காகவே அவர்மீது மதிப்பு வந்தது. பாலி கற்பித்து ஓய்வுபெற்றவர் அவர். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஆசிரியர் என்றே எழுதுகிறேன்.

இரண்டாம் நாள் சாரநாத். இங்கேதான் ஏற்பாட்டின் முதல் பெரிய குறை வெளிப்பட்டது. அன்று வெள்ளிக்கிழமை, சாரநாத் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அசோகத் தூணின் சிங்கத் தலையும், ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அறவாழி முத்திரைப் புத்தர் சிலையும் அந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கின்றன என்பதையும், வாராந்தர விடுமுறை எந்நாள் என்பதையும் பல முறை குழு அழைத்து வந்தவர்கள் அறியாதிருந்தது வியப்பாக இருந்தது. உள்ளூர் வழிகாட்டி அதைச் சமாளிக்கும் விதமாக தமேக் தூபியைச் சுற்றிச் சுற்றி நடக்கவைத்து, அதன் உயரம் சுமார் 43 மீட்டர், குறுக்களவு சுமார் 28 மீட்டர், இந்தப் பூவேலை குப்தர் காலத்தது என்று அளவுகளாகவே அடுக்கினார். புத்தர் முதன்முதலில் அறம் உரைத்த இடம் இது என்றார், உண்மைதான். ஆனால் அதே தோட்டத்தில், மரபு சொல்லும் கணக்கின்படி ஐந்தாம் நாள், அதே ஐந்து துறவிகளுக்கு புத்தர் இரண்டாவதாக உரைத்ததுதான் அனத்தலக்கண சுத்தம் (சுத்தம் என்பது பாலியில் புத்தரின் உரை) என்பதையும், அதைக் கேட்டு முடித்தபோதே கொண்டஞ்ஞர் முதலிய ஐவரும் முழு விடுதலை பெற்றார்கள் என்று துறவிகளின் ஒழுக்க நூலான விநயபிடகம் சொல்வதையும் அவர் வாயே திறக்கவில்லை. அனாத்மத்தைக் கற்க வந்தவர்களுக்கு அந்த இடத்தின் முழுப் பொருளும் அந்த இரண்டாவது உரையில்தான் இருக்கிறது.

வழிகாட்டி தேநீர் குடிக்கப் போன பிறகு ஆசிரியருக்கு நாற்பது நிமிடம் கிடைத்தது. தர்மராஜிகத் தூபி இருந்த இடத்தின் அருகில் புல்தரையில் உட்கார்ந்தோம். 1794-ஆம் ஆண்டில் காசியில் கட்டடம் எழுப்புவதற்காகச் செங்கற்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டதால், இன்று அங்கே வட்டமான அடித்தளம் மட்டுமே இருக்கிறது. அவர் எடுத்த எடுப்பில் ஆன்மா உண்டா இல்லையா என்று தொடங்கவில்லை. "ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு எதையும் நினைக்காமல் இருங்கள், உடம்பில் எந்த வலியும் வரக்கூடாது என்று கட்டளையிட்டுக்கொள்ளுங்கள்" என்றார். இரண்டாவது நிமிடத்தில் என் இடது முழங்கால் வலிக்கத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த நண்பர் மறுநாள் போகவிருந்த பட்டுப்புடவைக் கடையைப் பற்றி நினைத்ததாகப் பிறகு ஒப்புக்கொண்டார். இதுதான் அந்தச் சுத்தத்தின் முதல் வாதம் என்றார் ஆசிரியர். உருவம் நானாக இருந்தால் அது எனக்குத் துன்பம் தரலாகாது. 'என் உருவம் இப்படி ஆகட்டும், இப்படி ஆகாதிருக்கட்டும்' என்று சொன்னால் கேட்க வேண்டும். கேட்பதில்லை. நுகர்ச்சியும் அப்படியே, குறிப்பும் (அடையாளம் காணல்), பாவனையும் (மனத்தின் ஆக்கங்கள்), அறிவும் அப்படியே. நாம் 'நான்' என்று கொள்ளும் உடலும் உள்ளமுமான ஐந்து தொகுதிகளுக்கு, அதாவது ஐங்கந்தங்களுக்கு, மணிமேகலை தரும் இந்தத் தமிழ்ப் பெயர்களையே அவர் கடைசிவரை பயன்படுத்தியது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது வாதம் கேள்வி பதிலாக நடக்கிறது. உருவம் நிலையானதா, நிலையற்றதா? நிலையற்றது. நிலையற்றது துன்பமா, இன்பமா? துன்பம். நிலையற்றதாய், துன்பமாய், மாறும் இயல்புடையதாய் இருப்பதை 'இது என்னுடையது, இது நான், இது என் ஆன்மா' என்று கொள்வது தகுமா? தகாது. ஐந்து கந்தங்களுக்கும் இதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பாலியில் படிக்கும்போது சலிப்புத் தரும் அந்த மறுபடி கூறலை, அவர் ஒவ்வொரு கந்தத்துக்கும் ஒவ்வொருவரை எழுப்பிப் பதில் சொல்லவைத்ததால், எங்களால் சலிப்பின்றிக் கேட்க முடிந்தது.

அதன் பிறகு அவர் சொன்ன ஒன்றுக்காக மட்டுமே கட்டணத்தில் பாதியைக் கொடுக்கலாம். கையேட்டில் எதற்காக அந்த வரியை அடிக்கச் சொன்னேன் தெரியுமா என்று கேட்டுவிட்டு, தமிழில் இல்லை என்பதும் அல்ல என்பதும் வெவ்வேறு அல்லவா என்றார். வீட்டில் பூனை இல்லை என்பது ஒன்று. இது பூனை அல்ல என்பது வேறொன்று. அந்தச் சுத்தம் ஐந்து கந்தங்களையும் ஒவ்வொன்றாகச் சுட்டி 'இது ஆன்மா அல்ல' என்கிறதே தவிர, 'ஆன்மா இல்லை' என்று கொள்கை வகுப்பதில்லை. வச்சகோத்தன் என்னும் பரிவிராசகன் (ஊர் சுற்றும் துறவி) புத்தரிடம் நேராகவே ஆன்மா உண்டா என்று கேட்டபோது அவர் பேசாதிருந்தார். அப்படியானால் இல்லையா என்று கேட்டபோதும் பேசாதிருந்தார். உண்டு என்றால், ஆன்மா என்றும் நிலைக்கும் என்னும் நிலைபேற்றுவாதிகளோடு சேர்த்துவிடுவான். இல்லை என்றால், ஏற்கெனவே குழம்பியிருப்பவன் 'முன்பு எனக்கு இருந்த ஆன்மா இப்போது இல்லாமற் போயிற்றே' என்று மேலும் குழம்புவான் என்று பிறகு தம் சீடர் ஆனந்தரிடம் காரணம் சொன்னார்.

இங்கே எனக்கு ஒரு சிறு கருத்து வேறுபாடு உண்டு. அல்ல என்ற சொல்லின் அருமையை விளக்கிய வேகத்தில், ஐந்து கந்தங்களுக்கு அப்பால் எங்கோ ஓர் ஆன்மா ஒளிந்திருக்கலாம் என்று சிலர் எடுத்துக்கொள்ள இடம் கொடுத்துவிட்டார். இரவு விடுதியில் நான் அதைக் கேட்டதும், தம்மபதத்தின் 277 முதல் 279 வரையிலான பாக்களை எடுத்துக்காட்டினார். முதல் இரண்டு பாக்கள், சேர்க்கையால் ஆனவை யாவும் நிலையற்றவை என்றும், சேர்க்கையால் ஆனவை யாவும் துன்பம் என்றும் சொல்கின்றன. மூன்றாவது பாவில் சொல் மாறுகிறது: 'சப்பே தம்மா அனத்தா', அதாவது எல்லாத் தன்மங்களும் (உள்ளவை யாவும்) ஆன்மா அல்லாதவை. சேர்க்கையால் ஆகாதது என்று, பாலி நூல்களைப் பின்பற்றும் பௌத்தப் பிரிவான தேரவாதம் சொல்வது நிர்வாணம் ஒன்றே. சொல்லை மாற்றியதால் அதுவும் இந்த மூன்றாவது வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறது. எனவே ஆன்மாவைக் கொண்டுபோய் நிர்வாணத்தில் குடிவைக்கவும் வழியில்லை. இதைப் புல்தரையிலேயே எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும். இரவில் கேட்டவர்கள் ஏழு பேர்தான்.

மூன்றாம் நாள் விடியலில் கங்கையில் படகு. படகோட்டிகளின் வாக்குவாதத்தால் அரைமணி நேரம் தாமதமானாலும், அந்த ஒரு மணி நேரம் நன்றாகத் திட்டமிடப்பட்டிருந்தது. கங்கைக்கரையில் புத்தர் சொன்னதாக ஒரு சுத்தம் இருக்கிறது. அவர் அதைச் சொன்ன இடம் அயோச்சா என்ற ஊர், காசி அன்று. ஆறு அதே ஆறு. உருவம் ஆற்றில் மிதந்துவரும் நுரைத்திரள் போன்றது, நுகர்ச்சி மழைக்காலத்து நீர்க்குமிழி, குறிப்பு கானல்நீர், பாவனை வாழைமரம், அறிவு மாயக்காரனின் வித்தை. படகின் அருகே, பூவும் எண்ணெயும் கலந்த பழுப்பு நுரை ஒன்று ஒட்டிக்கொண்டே வந்தது. ஆசிரியர் அதைக் கையில் அள்ளினார். மேலே எடுப்பதற்குள் விரல்களில் ஈரம் மட்டுமே இருந்தது. வாழைமரத்தைச் சொன்னபோது பின்னால் இருந்த ஓர் அம்மா, "வாழையில உள்ள ஒண்ணுமில்லையா? தண்டு இருக்கே, நாங்க பொரியலே பண்றோமே" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஆசிரியர் மகிழ்ந்துபோனார். பாலி மூலத்தில் அந்த மரத்துக்கு, இளையது, நிமிர்ந்தது, உள்ளே குருத்துத்தண்டு உருவாகாதது என்றே அடைமொழி இருக்கிறதாம். நாம் சமைக்கும் தண்டு, பூ தள்ளுவதற்காக மரத்துக்குள் எழும் காம்பு; அது எழாத மரத்தில் மட்டையை உரித்துக்கொண்டே போனால் மட்டைதான் வரும், வைரம் வராது. வாழையை வெட்டிப் பழகிய ஊர்க்காரர்களுக்குச் சொன்ன உவமை அது என்பதை ஒரு சமையல் கேள்வியே வெளிக்கொண்டுவந்தது.

கரையோரம் வண்ணார்கள் கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தார்கள். கேமகர் என்ற துறவியின் கதையை அப்போது கேட்டோம். நோயுற்றுக் கிடந்த அவர், ஐந்து கந்தங்களில் எதையும் 'இது நான்' என்று தாம் கருதுவதில்லை என்றும், ஆனாலும் 'நான் இருக்கிறேன்' என்ற ஓர் உணர்வு தம்மை விட்டு இன்னும் போகவில்லை என்றும் மூத்த துறவிகளிடம் சொல்லியனுப்பினார். தாமரையின் மணம் இதழுக்கு உரியதா, நிறத்துக்கு உரியதா என்று பிரிக்க முடியாததுபோல அது எங்கும் பரவியிருக்கிறது என்றார். அழுக்குத் துணியை உவர்மண்ணும் சாம்பற்காரமும் சாணமும் இட்டு வண்ணான் வெளுத்தபின், துணி வெள்ளையாகிவிட்டாலும் அந்த உவர்மண் வாடை அதில் தங்கியிருக்கும். மணப்பெட்டியில் வைத்தபின்தான் அதுவும் போகும். அனாத்மம் புரிந்துவிட்டது என்று முந்தைய நாள் புல்தரையில் நினைத்துக்கொண்டவர்களுக்கெல்லாம், என்னையும் சேர்த்து, இந்தக் கதை சரியான நேரத்தில் வந்தது.

அன்று பகலில் திட்டத்தில் இருந்தது பட்டுப்புடவைக் கடை. இரண்டரை மணி நேரம் என்று குறித்திருந்தார்கள். அனத்தலக்கண சுத்தத்துக்கு நாற்பது நிமிடம் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் நான்கு பேர் கடைக்குப் போகாமல், சொந்தச் செலவில் ஆட்டோ பிடித்து, பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சாரநாத்துக்கு மறுபடியும் போய் அருங்காட்சியகத்தைப் பார்த்துவந்தோம். சிங்கத் தலையைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. அறவாழிப் புத்தரின் எதிரில் இரண்டு பேர்தான் நின்றிருந்தார்கள். சிலையின் முகத்தைப் பார்ப்பவர்கள் பீடத்தைப் பார்ப்பதில்லை: நடுவில் ஒரு சக்கரம், அதன் இருபுறமும் சின்னஞ்சிறு உருவங்களாக அமர்ந்திருக்கும் அந்த ஐந்து துறவிகள், அவர்களோடு ஓரத்தில், சிலையைச் செய்வித்தவளாக இருக்கலாம் என்று கருதப்படும் ஒரு பெண்ணும் குழந்தையும். முந்தைய நாள் நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து 'தகாது' என்று பதில் சொன்ன இடத்தில் முதன்முதலில் அந்தப் பதிலைச் சொன்னவர்கள் அவர்கள். இதை 22 பேரும் பார்த்திருக்க வேண்டும்.

இரவு வகுப்பில் கேள்வி வேறு திசையிலிருந்து வந்தது. எழுபது வயதை நெருங்கும் ஓர் அம்மா, அன்று பிற்பகல் தம் கணவருக்குக் கரையில் பிண்டம் வைத்துவிட்டு வந்திருந்தார். "சார், ஆத்மாவே இல்லேன்னு சொல்லிட்டா, மத்தியானம் நான் யாருக்குப் பிண்டம் வச்சேன்?" என்று கேட்டார். அறையில் சத்தமே இல்லை. இப்படி ஒரு கேள்வியைக் காசியில் எதிர்கொள்ளாமல் அனாத்மத்தை விளக்கிவிட முடியாது என்பதைப் பயணத்தை வகுத்தவர்கள் எண்ணிப் பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை. ஆசிரியர் சற்று நேரம் கழித்து, மிலிந்தன் என்னும் அரசனுக்கும் நாகசேனர் என்னும் துறவிக்கும் நடந்த உரையாடலிலிருந்து விடை சொன்னார். தேரின் அச்சும் சக்கரமும் தேர் அல்ல என்னும் பகுதியைப் பலரும் அறிவார்கள். அவர் எடுத்தது அதை அன்று. இரவு முழுவதும் எரியும் விளக்கில், முதல் யாமத்துச் சுடரும் நடு யாமத்துச் சுடரும் ஒன்றா என்று நாகசேனர் கேட்கிறார். ஒன்று அன்று. அப்படியானால் வேறொரு விளக்கா? அதுவும் அன்று. மறுபிறப்பும் அதுபோலவே: அவனும் அல்லன், வேறொருவனும் அல்லன். ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றும்போது முதல் விளக்கிலிருந்து எதுவும் எழுந்து போவதில்லை, ஆனாலும் இரண்டாவது எரிகிறது. இறந்த உறவினர்களுக்காகக் கொடுப்பதைப் பாலி நூல்களும் தடுக்கவில்லை, அவர்களை நினைத்துக் கொடுக்கும் தானத்தைப் போற்றவே செய்கின்றன என்றும் சொன்னார். அந்த அம்மா, "சரி, அவருக்குத்தான்னு சொல்ல முடியாது, அவருக்கு இல்லேன்னும் சொல்ல முடியாது, அப்படித்தானே?" என்றார். முழு நிறைவு அவருக்கு ஏற்படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

நான்காம் நாள் பெரும்பாலும் சாலையில் கழிந்தது. ஐந்தாம் நாள் காலை, பரிநிர்வாணக் கோயில். 1956-இல், புத்தரின் 2,500-ஆவது ஆண்டு விழாவை ஒட்டிக் கட்டப்பட்ட வெண்ணிறக் கட்டடத்துக்குள், 6.1 மீட்டர் நீளமுள்ள புத்தர் வலப்பக்கமாகச் சாய்ந்து, தலையை வடக்கே வைத்துப் படுத்திருக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டுச் சிலை. 1876-இல் துண்டு துண்டாகக் கிடைத்ததை ஒட்டவைத்திருக்கிறார்கள். ஹரிபலன் என்ற துறவி செய்வித்தது என்று பீடத்தில் கல்வெட்டு இருக்கிறது. குசிநகர் வழிகாட்டி எங்களைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நகர்த்திக்கொண்டே, இங்கிருந்து பார்த்தால் புன்னகை, இங்கிருந்து பார்த்தால் சிந்தனை, இங்கிருந்து பார்த்தால் மரண அமைதி என்று மூன்று முகபாவங்களைக் காட்டினார். எனக்கு மூன்றும் ஒன்றாகவே தெரிந்தன. பிறகு, "இந்த இடத்தில்தான் புத்தர் நிர்வாணம் அடைந்தார்" என்றார்.

இந்த ஒரு வாக்கியம் எத்தனை பேர் மனத்தில் நிர்வாணத்தையும் சாவையும் ஒன்றாக்கிவிடுகிறது என்று சொல்லி மாளாது. புத்தர் நிர்வாணம் அடைந்தது புத்தகயையில், 35-ஆம் வயதில். அதன்பின் 45 ஆண்டுகள் நடந்தார், உண்டார், நோயுற்றார், முதுகு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டார், பேசினார். ஆசை, வெறுப்பு, மயக்கம் ஆகிய மூன்றும் அழிந்ததே நிர்வாணம் என்று புத்தரின் சீடர் சாரிபுத்தர் சொன்ன விளக்கம் உயிரோடு இருக்கும் ஒருவருக்குப் பொருந்துவது. எஞ்சியிருந்த உடலும் உணர்வும் குசிநகரில் முடிந்தன. எச்சமுள்ள நிர்வாணம், எச்சமற்ற நிர்வாணம் என்று இதிவுத்தகம் என்னும் பாலி நூல் இரண்டாகப் பிரித்துச் சொல்வது இதைத்தான். ஆசிரியர் வழிகாட்டியை மறுத்துப் பேசாமல், எங்களைப் பீடத்தின் முன்புறம் அழைத்துப்போய், கண்ணாடி இல்லாமல் பார்க்க முடியாத சிறிய உருவங்களைக் காட்டினார். ஓர் உருவம் தலையைக் கையில் தாங்கியிருக்கிறது. அது ஆனந்தர் என்கிறார்கள். நடுவில், நமக்கு முதுகைக் காட்டித் தியானத்தில் அமர்ந்திருப்பவர், புத்தரிடம் கடைசியாகத் துறவு பெற்ற சுபத்தர் என்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் அருகிலேயே இருந்து பணிசெய்த ஆனந்தர், நிலைச்சட்டத்தில் சாய்ந்துகொண்டு அழுததை, புத்தரின் கடைசி நாட்களைச் சொல்லும் மகாபரிநிப்பான சுத்தம் மறைக்காமல் சொல்கிறது. அனாத்ம உரைகள் பலவற்றைக் கேட்டு மனப்பாடம் செய்தவரும் அவர்தான். உவர்மண் வாடை எனக்கு அங்கே மறுபடி நினைவுக்கு வந்தது.

கடைசி வகுப்பு, கோயிலுக்குக் கிழக்கே ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கும் ராமபார் தூபியின் புல்வெளியில் நடந்தது. புத்தரின் உடல் எரியூட்டப்பட்ட இடம் அது. சாவுக்குப் பின் விடுதலை பெற்றவர் எங்கே பிறக்கிறார் என்று அதே வச்சகோத்தன் இன்னொரு முறை கேட்கிறான். உன் எதிரில் எரியும் நெருப்பு அணைந்தால், அது கிழக்கே போயிற்றா, மேற்கே போயிற்றா, வடக்கே போயிற்றா, தெற்கே போயிற்றா என்று புத்தர் திருப்பிக் கேட்கிறார். அந்தக் கேள்வியே பொருந்தாது, எதைப் பற்றி எரிந்ததோ அது தீர்ந்ததால் அணைந்தது என்கிறான் அவன். பாலியில் 'உபாதானம்' என்ற ஒரே சொல்லுக்கு எரிபொருள் என்றும், பிடித்துக்கொள்ளுதல் என்றும் இரண்டு பொருள்கள் இருப்பதால்தான் இந்த உவமை நிற்கிறது. பல மொழிகளில் பெயர்க்கும்போது அந்த இணைப்பு அறுந்துவிடுகிறது. தமிழில் அறுவதில்லை என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். துன்பம் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தோன்றும் பன்னிரு சார்புகளைத் தமிழாக்கிய மணிமேகலை, உபாதானத்துக்குப் பற்று என்கிறது. நாமும் தீப் பற்றிக்கொண்டது என்றுதான் சொல்கிறோம். விளக்கை அணை என்று சொல்ல மனம் வராமல் நம் வீட்டுப் பாட்டிகள் குளிரவை என்பார்கள். விடுதலை பெற்றவருக்குப் பாலி நூல்கள் தரும் பெயர்களில் ஒன்று 'சீதிபூதர்', குளிர்ந்தவர். பிறகு மணிமேகலையின் முப்பதாம் காதையிலிருந்து ஆசிரியர் இரண்டு வரிகளைச் சொன்னார்:

துன்பம் தோற்றம் பற்றே காரணம்
இன்பம் வீடே பற்றிலி காரணம்

துன்பம், அதன் காரணம், அதன் நீக்கம், நீக்கும் வழி என்னும் பௌத்தத்தின் நான்கு வாய்மைகளும் எட்டுச் சொற்களில் அடங்கிவிட்டன. வீடு என்பது விடு என்ற சொல் நீண்டது. விடுதலைத் தவிர அதற்குள் குடியிருக்க ஆள் வேண்டியதில்லை. சாரநாத்தில் 'இது என்னுடையது அல்ல, இது நான் அல்ல' என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தோமே, அந்த விடுதல் முழுமையாவதற்குத்தான் நிர்வாணம் என்று பெயர். எனவே அனாத்மம் ஒரு பாடம், நிர்வாணம் அதற்கு அடுத்த பாடம் என்று இவர்கள் இரண்டு ஊர்களுக்குப் பிரித்து வைத்ததே பிழையான பகுப்பு என்பது என் கருத்து. விடுதலை பெற்றவர் எங்கே போனார் என்ற கேள்விக்கு விடை இல்லாததற்குக் காரணம், யார் என்ற கேள்வி அதற்கு முன்பே சாரநாத்தில் கழன்றுவிட்டதுதான். ஆசிரியர் இதை நன்றாகவே அறிந்திருந்தார். திட்டத்தை வகுத்தவர்கள் அறிந்திருக்கவில்லை. அதனால்தான் நிர்வாணம் உண்மையில் நிகழ்ந்த புத்தகயையையும், ஆசை, வெறுப்பு, மயக்கம் என்னும் மூன்று நெருப்புகளைப் பற்றிப் புத்தர் பேசிய கயாசீசக் குன்றையும் விட்டுவிட்டு, புடவைக் கடையைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு நாளைக் கூட்டி, அதற்குரிய பணத்தையும் கூட்டி வாங்கிக்கொண்டாலும் எங்களில் யாரும் மறுத்திருக்க மாட்டோம்.

போகலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆசிரியர் உடன் வருகிறார் என்று எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டால் போகலாம். அவர் வராத குழுவுக்கும் இதே கட்டணம்தான் என்று மேலாளர் பேச்சுவாக்கில் சொன்னார். அதற்கு இந்தப் பணம் கொடுப்பது வீண். சாரநாத் எந்தக் கிழமை என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். தரையில் உட்கார முடியாதவர்கள் மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துச் செல்வது நல்லது, ஏனென்றால் இந்தப் பயணத்தின் நல்ல வகுப்புகள் எல்லாம் புல்தரையில்தான் நடந்தன. கையேட்டின் அடுத்த பதிப்பில் அந்த இரண்டு வரிகளையும் திருத்திவிடுவதாக மேலாளர் என்னிடம் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு வரும் கையேட்டில் அவை அப்படியே இருந்தால், ஆறாம் பக்கத்தையும் பதினேழாம் பக்கத்தையும் பேனாவோடு படியுங்கள்.